கவ்பாய் இங்கிலீஷ்

என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இதைக் கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் யாரிடமாவது சொல்லியிருந்தால், எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லியிருப்பார்கள். அந்த லைனில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலம் என்றால் அப்பாதான். தந்தி வந்தால் அப்பாவிடம் வரும். மருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பாட்டிலைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பொறவு" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரும்பாலான மருந்துகள் சாப்பாட்டுக்குப் பிறகுதானே.

அவர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து இருபது வயதில் ரயில் ஏறி, மராத்தி பேசும் இந்த ஊருக்கு வந்து, ஃபாக்டரியில் ஸ்டோர்ஸில் சேர்ந்தவர். ஆபீசர்கள் பேசியதைக் காதால் கேட்டுக் கேட்டு வந்ததுதான் அவருடைய ஆங்கிலம். நான் இங்கிலீஷ் டீச்சர். முப்பது வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரே வீட்டில் இந்த இரண்டு ஆங்கிலமும் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அந்த கவ்பாய் படங்களால் வந்தது. எண்பதுகளில் சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கட்கி பஜாரில் வீடியோ கடைக்குப் போய் வி.சி.ஆர். வாடகைக்கு எடுத்துவருவார். புது ஹிந்திப் படங்களை அதற்குள் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். கடையில் ஒரு மூலையில் யாரும் சீந்தாத அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதில் இருந்ததெல்லாம் அமெரிக்காவில் ஏதோ காலத்தில் அரைக் காசு செலவில் எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளை கவ்பாய் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும். வெள்ளைத் தொப்பிக்காரன் ஒருவன், கிட்டாரும் கையுமாக ஒருவன், பேசாத குறையாக எல்லாம் புரிந்துகொள்ளும் ஒரு குதிரை. பத்துப் பேர் சேர்ந்து அடித்தாலும் வெள்ளைத் தொப்பி தலையை விட்டுக் கழலாது. நடுராத்திரி என்பார்கள், குதிரையின் நிழல் வெயிலில் பளிச்சென்று தரையில் ஓடும். துரத்துகிற காட்சி எல்லாப் படத்திலும் ஒன்றேதான், ஒரு தடவை எடுத்ததையே ஒட்டி ஒட்டி ஓட்டியிருப்பார்கள். அந்த மொட்டைப் பாறையை நான் பார்த்த அளவுக்கு என் சொந்தப் பள்ளிக்கூடத்தின் சுவரைப் பார்த்திருக்க மாட்டேன்.

கடைக்காரர் அவற்றைச் சும்மா கொடுத்தார். அப்பாவுக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. அவற்றில் முத்தம் கிடையாது. பாஸ்டரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். பல தடவை வந்து பார்த்தும் இருக்கிறார்.

லைனே எங்கள் வீட்டில் கூடிவிடும். அம்மா பெரிய பாத்திரத்தில் டீ போடுவாள். அப்பா டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். கையில் செய்தித்தாளைச் சுருட்டிக் குச்சி மாதிரி வைத்திருப்பார். படம் ஓட ஓடத் தமிழில் சொல்லுவார்.

"இவன் கேக்கான், ஏலே, எங்க போறனு. அவன் சொல்லுதான், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்திருக்கு, அதான் போறேன்னு."

இந்தத் தங்கச்சி விவகாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வீடியோ கடைக்காரர் ஒரு காசெட்டில் மூன்று படம் ஏற்றுவார். இடம் போதாது என்பதால் ஆரம்பத்தில் வரும் பெயர்களையும் கடைசியில் வரும் பெயர்களையும் வெட்டிவிடுவார். ஒரு படம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் படங்களை எடுத்தவர்களோ அதே பத்துப் பதினைந்து நடிகர்களை வைத்துக்கொண்டே எல்லாப் படத்தையும் முடித்துவிட்டவர்கள். அதே தெரு, அதே சாராயக் கடை, அதே பாறை. ஆகவே அப்பா அத்தனையையும் ஒரே கதை என்று எடுத்துக்கொண்டார். ஒரே ஊர், ஒரே மனிதர்கள், வருடக்கணக்காக நடக்கிற பெரிய கதை.

கதாநாயகன் மட்டும் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு பெண்ணோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். லைனில் இருந்த பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அவனுக்கு எட்டுத் தங்கச்சிகள். அப்பா அம்மா இல்லை. ஒவ்வொருத்தியாகக் கரையேற்றிக்கொண்டிருக்கிறான். படம் முடிகிறபோது அவன் குதிரையில் தனியாகப் போகிறானே, அது எங்கே? அடுத்த தங்கச்சி வீட்டுக்கு. முத்தம் இல்லாததால் இது கச்சிதமாகப் பொருந்தியது. பெண்களுக்கு அவன் மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒருத்தி தன் தம்பிக்கு அவனை உதாரணம் காட்டித் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

போன வாரம் கொள்ளைக்காரனாக வந்த மீசைக்காரன் இந்த வாரம் ஷெரீஃபாக வந்தால், ஜெயிலில் மனம் திருந்திவிட்டான் என்பார் அப்பா. பாஸ்டர் தலையை ஆட்டுவார். தாடி வைத்த ஒரு கிழவர் எல்லாப் படத்திலும் வருவார், கதாநாயகனுக்குத் துணைக்கு. பாதிப் படங்களில் அவரைச் சுட்டுவிடுவார்கள். அடுத்த படத்தில் எழுந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். "குண்டு பட்டும் படாமப் போயிருக்கு. டவுன் ஆஸ்பத்திரில வச்சுப் பாத்து அனுப்பிட்டாவ" என்பார் அப்பா. தாடிக்காரருக்குப் பக்கத்து வீட்டு அத்தை பெரிய ரசிகை. நாசரேத்துக்காரி. சொந்த அத்தை இல்லை, சொந்தத்தை விட அதிகம். இந்தப் படங்களில் இத்தனை ஆம்பிளைகள் இருந்தும் சமைக்கத் தெரிந்தவர் தாடிக்காரர் ஒருவர்தான் என்பது அவள் கட்சி.

எட்டாம் வகுப்பு வந்தபோது எனக்குக் காது திறந்துவிட்டது. கான்வென்டில் படித்த ஆங்கிலமும் டிவியில் கேட்ட ஆங்கிலமும் ஒன்று சேர்ந்தன. ஒரு சனிக்கிழமை எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன், அது தங்கச்சி இல்லை, அவன் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்று. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா கோபப்படவில்லை. சுருட்டிய பேப்பரை என் பக்கம் நீட்டினார்.

"உனக்குச் சொல்லிக்கொடுக்கது புஸ்தக இங்கிலீஷ். இது கவ்பாய் இங்கிலீஷ். அது வேற."

லைன் முழுக்க அதை ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் நான் என்ன பேச? அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். அங்கேயும் அப்பாவின் குரல் வரும். அவர் புளுகுகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். ஊரை மயக்க வேண்டுமென்றே கட்டிவிடுகிறார் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

படங்களோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவருடைய ஆங்கிலத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. நான் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் வடக்கத்திக்காரர், ஆங்கிலத்தில்தான் பேசினார். அவர் வந்து பேசிய நேரத்தில் நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். அப்பாதான் கேட்டுக்கொண்டார். நான் மேலே வந்தபோது வராந்தாவில் சிரித்த முகமாக நின்றிருந்தார். பயப்பட ஒன்றும் இல்லையாம், கொஞ்ச நாளில் எழுந்து நடப்பாளாம், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகலாமாம். நான் அந்தப் பேச்சை நம்பினேன். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நான் பரீட்சைக்குப் படித்தேன். ஷேக்ஸ்பியர் பேப்பர் எழுதிவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினால் எங்கள் வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

டாக்டர் பொய் சொல்லிவிட்டான் என்று அப்பா முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த டாக்டர் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அதனாலேயே எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டார். ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று நானும் என் கணவரும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சிப் பார்த்துவிட்டோம். டாக்டர்கள் ஒன்று சொல்வார்கள், ஒன்று நடக்கும் என்பார். டாக்டர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நிலைமையில் எந்த டாக்டரும் என்ன சொல்லியிருப்பாரோ அதைத்தான், இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அப்பாவிடம் அதை நான் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் விழுங்கி விழுங்கி, அந்தக் கோபத்தையெல்லாம் பாவப்பட்ட கவ்பாய்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தேன்.

ரிட்டையரான பிறகு தாபோடியில் ஒரு கட்டடத்தில் அப்பா ஃபிளாட் வாங்கினார். எதிர் ஃபிளாட்டை அத்தை குடும்பம் வாங்கியது. இப்போது அந்த ஃபிளாட்டில் அத்தை மட்டும், இந்த ஃபிளாட்டில் அப்பாவும் நாங்களும். என் கணவருக்கு ரஞ்சன்காவில் வேலை, விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகு வருவார். ஆகவே தினமும் சாயங்காலம் நான் ஸ்கூலிலிருந்து வந்து, காப்பி குடித்து, கட்டு கட்டாக நோட்டுகளைத் திருத்த உட்காரும்போது, ஹாலில் அப்பாவும் அத்தையும் கவ்பாய் படம் போடுவார்கள். காசெட் போய் சிடி வந்து, சிடி போய் டிவிடி வந்திருந்தது. ஜூனா பஜார் பழஞ்சாமான் சந்தையில், நடைபாதையில் அள்ளிவந்தவை. ஒரே தட்டில் எத்தனையோ படங்கள். ஆரம்பத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அப்பா ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவார். "பேருதான, பேர வச்சு என்ன செய்ய." அதனால் டிவிடியிலும் அது ஒரே கதையாகவே நீடித்தது. எட்டுத் தங்கச்சிகள் எப்போதோ பதினெட்டாகிவிட்டார்கள். அத்தைக்கு அதுபற்றி ஒரு சந்தேகமும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் பெற்றார்கள் என்பாள்.

போன வருடம் டிவிடி பிளேயர் செத்துப்போனது. அதைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. ஒரு கடையில் திறந்து பார்க்கவே மாட்டேன் என்றான். இன்னொரு கடைப் பையன், இதையெல்லாம் இப்போது யார் மேடம் பார்க்கிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டான். என் வீட்டில் இரண்டு பேர் பார்க்கிறார்கள், தினமும் பார்க்கிறார்கள், என் உயிர் போகும்வரை பார்ப்பார்கள் என்று சொல்ல வாய் வந்தது. என் கணவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பெரிய டிவி வாங்கிவந்துவிட்டார். இணையத்தில் அந்தப் படங்கள் எல்லாமே சும்மா கிடைக்கின்றன, கேட்பாரில்லை. மாமாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று டிவியின் மொழியைத் தமிழாக்கியும் வைத்தார். நல்ல மனிதர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் எரிச்சல்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பெயர்களை ஓட்டிவிட அப்பா ரிமோட்டில் எதையெதையோ அழுத்தியிருக்கிறார். பெயர்கள் ஓடவில்லை. அதற்குப் பதிலாகப் படத்தின் அடியில் தமிழ் எழுத்து வர ஆரம்பித்துவிட்டது. யாரும் எழுதியதல்ல, இயந்திரம் தானாக மொழிபெயர்த்துப் போடுகிற தமிழ். கோணல் மாணல் தமிழ்தான். ஆனாலும் புரிகிற கோணல்.

அத்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. தமிழ் வேதாகமத்தைத் தினமும் காலையில் வாய்விட்டுப் படிக்கிறவள். எழுத்தைக் கண்டால் வாய்விட்டுப் படிக்காமல் அவளால் இருக்க முடியாது. நான் உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். ஹாலில் அப்பாவின் குரல் கேட்டது, தாடிக்காரர் ஊரில் பேத்தி பிறந்த சேதி சொல்லுதார் என்று. கூடவே அத்தையின் குரல், ஒவ்வொரு சொல்லாக, திருடப்பட்ட மாடுகள் ஆற்றைக் கடந்தன என்று. அப்பா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மறுபடி தொடங்கினார். துப்பாக்கிச் சத்தம். "மயக்கந்தான், ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

அத்தை படித்தாள். "அவர் இறந்துவிட்டார். அவரை இங்கேயே அடக்கம் செய்வோம்."

நான் எழுந்து ஹாலுக்கு வந்தபோது இருவரும் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பிக்காரன் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். அத்தை அப்பாவைப் பார்த்தாள். டிவிக்குத் தமிழ் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்றாள். அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அப்பா சொல்வதையும் டிவி சொல்வதையும் வைத்துப் பார்த்தால் அவளுக்கு அப்பாதான் சரி. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏட்டி, இதுல போட்டிருக்கது சரியா?"

அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் புளுகியதே இல்லை. நாற்பது வருடமும் அவர் காதில் விழுந்தது அதுதான். தான் ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு சொல்வதாகவே அவர் நினைத்திருந்தார்.

சரிதான் என்றேன். வேறென்ன சொல்ல? அதுதான் என் வேலை, யார் கேட்டாலும் எது சரி என்று சொல்வது. கேட்டார், சொன்னேன். ஒவ்வொன்றும் தனித்தனிப் படம், நடிகர்கள் மட்டும் அதே ஆட்கள், தங்கச்சி என்று யாருமே இல்லை என்பதையும் சொன்னேன். அப்பா டிவியை அணைத்தார். அத்தை, அடுப்பில் சாதம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. இந்த அமைதியைத்தான் நான் எட்டாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் ஒரு நோட்டுக் கூடத் திருத்த முடியவில்லை. அப்பா டிவிப் பக்கமே போகவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, லோக்கல் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வழக்கமான நேரத்துக்கு வந்து, அணைந்திருந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவாள். ஒரு நாள் நான் பொறுக்கமாட்டாமல் படத்தைப் போட்டு நானே சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல். அத்தை கொட்டாவி விட்டாள்.

அப்பா என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அதுதான் என்னை மிகவும் படுத்தியது. நான் சமைத்துக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நிற்பார். முதலில் சின்ன விஷயங்கள். அந்தக் காலத்தில் ஃபாக்டரி மேனேஜர் ஒருவர் தினமும் காலையில் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்வார், அது பாராட்டா திட்டா என்று கேட்டார். அவர் நினைவிலிருந்து எடுத்துச் சொன்ன அந்த ஒலியை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாராட்டு என்றேன். பிறகு ரிட்டையரான அன்று மேடையில் பேசிய அதிகாரி. பிறகு இன்னொன்று. வாழ்நாளில் தன் காதில் விழுந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நேராக அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. அங்கே போய்ச் சேர்ந்தால் இந்த மனிதர் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்? எத்தனையோ வருடமாக அவர் வாயில் வரவேண்டும் என்று நான் மனசுக்குள் காத்திருந்த கேள்வி அது. இப்போது அது வராமல் இருக்க வேண்டுமே என்று அடுப்படியில் நின்று ஜெபம் பண்ணினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அத்தை கோழிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா டிவியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ அந்த டாக்டரு பொய் சொல்லல. அப்படித்தானட்டி?"

நான் அங்கே இல்லை, மருந்துக் கடையில் நின்றிருந்தேன் என்றேன். இதுவாவது உண்மை. அப்பா தலையை ஆட்டினார். தானே சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் நிறையப் பேசினாராம். வேகமாகப் பேசினாராம். கடைசியில் இவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தாராம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்ததாம். தோளைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்குப் போ என்றால் நல்ல சேதிதானே என்று நினைத்துவிட்டாராம். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. நான் அவர் அழுது பார்த்ததில்லை. அம்மாவின் அடக்கத்தன்று கூடக் கோபமாகத்தான் நின்றிருந்தார்.

"நான் அவகிட்டப் போயி, நீ பொழச்சுக்கிட்டனு சொன்னேன்" என்றார். "சிரிச்சிக்கிட்டே சொன்னேன்."

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

அப்போது அத்தை பேசினாள். அன்று ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணைக்கு இருந்தவள் அவள்தான். கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள். அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஆங்கிலம் தெரியாதவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அண்ணாச்சி, அந்த டாக்டர் வார்டு வாசல்ல வச்சு உங்ககிட்ட பேசினப்போ நானும் மதினியும் அவரு மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தோம். எங்களுக்கு என்ன இங்கிலீஷா தெரியும்? மூஞ்சியப் பாத்ததும் எங்க ரெண்டு பேருக்கும் வெளங்கிப்போச்சு. நீங்க அவரு மூஞ்சியப் பாக்கல. அவரு வாயவே பாத்துட்டு நின்னீய."

அப்பா அவளைப் பார்த்தார்.

"நீங்க சிரிச்சுட்டே வந்து சொன்னீய. நான் வாயெடுக்கப் போனேன். மதினி என் கையப் புடிச்சுட்டாவ. அவிய சந்தோசமா இருக்காவ, இருக்கட்டும், ஒண்ணும் சொல்லாதேனாவ." அத்தை அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். "உங்கிட்டயும் சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிக்கிட்டாவ. நீ எங்கிட்ட கேக்கவும் இல்ல. அப்பா சொன்னதையே நம்பிட்டு இருக்கட்டும், பிள்ள பரீட்ச எழுதட்டும், இல்லேனா எழுத மாட்டானு சொன்னாவ."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்ததா என்று கேட்டார். தெரியும் என்றாள் அத்தை. தெரிந்தும் தான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாளா என்று மறுபடி கேட்டார். வீட்டில் இருந்த அந்த நாட்களில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்ததும் ஊருக்குப் போகலாம், நாசரேத்துக்குப் போகலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார். நானும் படித்தபடி கேட்டிருக்கிறேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் எந்த ரயில், எத்தனை நாள் என்று திரும்பக் கேட்பாள். ஆமாம் அண்ணாச்சி, கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்றாள் அத்தை.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியிருந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த டாக்டரை இனிமேல் திட்ட மாட்டார். தன்னையும் திட்டிக்கொள்ள மாட்டார்.

எனக்குத்தான் போதவில்லை. அந்தப் பரீட்சையில் நான் முதல் வகுப்பு வாங்கினேன். அந்த மார்க்கை வைத்துத்தான் பி.எட். இடம் கிடைத்தது, இந்த வேலை கிடைத்தது. அம்மா தன் கடைசி நாட்களை என்னிடமிருந்து எடுத்து, அவற்றை எனக்கே பரீட்சையாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரீட்சை வேண்டாம் என்றிருப்பேன். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இத்தனை வருடம் தப்பான ஆள் மேல் கோபத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. சண்டை போட ஆள் இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை.